பக்கத்து அறை கம்ப்யூட்டர் ஏன் தெரியவில்லை?

"நேத்து வரைக்கும் தெரிஞ்சுச்சுண்ணே. இன்னிக்கு அந்தக் கம்ப்யூட்டரையே காணோம்." காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற எனக்கு இப்படி ஒரு போன் வராத வாரம் குறைவு. கூடவே இன்னொன்றையும் சொல்வார்கள்: "நெட்டெல்லாம் நல்லா வருது. அப்போ வயர்ல கோளாறு இருக்காதுல்ல?" ஆளைத் திசைதிருப்புவது இந்த இரண்டாவது பேச்சுதான். இன்டர்நெட் வருகிறது என்றால், உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து வெளியுலகத்துக்கு வழி இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். அடுத்த அறைக்கு வழி இருக்கிறதா என்பதை அது சொல்லாது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், வீட்டிலேயே உட்கார்ந்து சரிசெய்துகொள்ளக்கூடிய கோளாறுகள் நிறைய.

எங்கள் பக்கம் வீட்டுக்குள் கேபிள் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாகத் தடித்தவை. முகப்பில் வைத்த வைஃபை, வளவைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் தேய்ந்துவிடும். ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் கொல்லைவாசலுமாக நீண்டு கிடக்கும் வீடுகள் ஏராளம். முகப்பில் அப்பாவின் கணக்குக் கம்ப்யூட்டர், பின்கட்டில் மகனின் வீடியோ எடிட்டிங் கம்ப்யூட்டர். நடுவில் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு நடக்காமல் இருக்க வேண்டுமென்றால் கேபிள்தான் வழி. சுவரில் ஆணி அடிக்கவும் மனம் வராது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு அது. பெயர்ந்தால் அதே மாதிரி பூசித்தர இன்றைக்கு ஆள் தேட வேண்டும். அதனால் மர உத்திரத்தின் மேல்முகமாகவே கேபிளை ஓட்டிக்கொண்டு போவோம். ஒரே துண்டாக 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. அதைவிட நீளமானால் நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்துவிட வேண்டும்.

கோளாறு வந்தால் எங்கிருந்து தொடங்குவது? ஃபேன் ஓடவில்லை என்று கூப்பிட்டால் விவரமான எலக்ட்ரீஷியன் ஃபேனைக் கழற்ற மாட்டார். மெயினில் கரண்ட் இருக்கிறதா, ஃபியூஸ் இருக்கிறதா, சுவிட்சுக்கு வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவார். இங்கேயும் அதே வரிசைதான். முதலில் வயர், பிறகு கம்ப்யூட்டரின் முகவரி, பிறகு விண்டோஸ் போடும் காவல், பிறகு பாஸ்வேர்டு, கடைசியில் அந்த ஃபோல்டருக்கான அனுமதி. பெரும்பாலானோர் கடைசியிலிருந்து ஆரம்பித்து, எதை எதையோ மாற்றி, கோளாறு ஒன்றாக இருந்ததை நாலாக்கிவிடுகிறார்கள். ஒரு படி சரி என்று தெரிந்த பிறகே அடுத்த படிக்குப் போகிற பொறுமைதான் இந்த வேலையில் பாதி.

வயரைப் பார்ப்போம். கம்ப்யூட்டரின் பின்னால் கேபிள் செருகும் இடத்தில் சின்ன விளக்கு இருக்கும். ஸ்விட்சிலோ ரவுட்டரிலோ அதே கேபிளின் மறுமுனையிலும் இருக்கும். இரண்டும் எரியவில்லை என்றால் விண்டோஸைத் தொடவே வேண்டாம். கேபிளை மாற்றுங்கள், அல்லது வேறு துளையில் செருகிப் பாருங்கள். இடி மின்னல் மழைக்குப் பிறகு ஸ்விட்சில் ஒரே ஒரு துளை மட்டும் செத்துப்போவது எங்கள் பக்கம் வழக்கமாக நடப்பது. வளவின் திறந்த முற்றத்தைக் கடந்து போகும் கேபிளாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். வெயில் மேலுறையை நொறுக்கிவிடும், மீதியை அணில் பார்த்துக்கொள்ளும்.

விளக்கு எரிகிறது என்பதாலேயே வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி. 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். அதைப்போல் பத்து மடங்கான கிகாபிட் வேகத்துக்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து நாலு ஜோடியும் வேண்டும். நீலத்தில் ஒரு கம்பி அறுந்துபோனால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகாது. வேகம் மட்டும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். வீட்டு இன்டர்நெட்டே 50 அல்லது 100 எம்.பி.பி.எஸ். திட்டமாக இருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்து அறையிலிருந்து பெரிய ஃபைலை இழுக்கும்போதுதான் தெரியும்.

கோட்டையூரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு தம்பிக்கு இதுதான் நடந்தது. ஒரு கல்யாணத்தின் வீடியோ 60 ஜி.பி. இருக்கும். கிகாபிட் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 110 எம்.பி. வரும், பத்து நிமிடத்துக்குள் காப்பி ஆகிவிடும். அவருக்கோ நொடிக்கு 11 எம்.பி.க்கு மேல் ஏறவே இல்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று பயந்து புது டிஸ்க் ஆர்டர் போடும் தறுவாயில் இருந்தார். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸுக்குள் போய் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் ஈதர்நெட் என்று திறந்தால் லிங்க் ஸ்பீடு என்று ஒரு வரி இருக்கும். அதில் 1000/1000 இருக்க வேண்டிய இடத்தில் 100/100 என்று இருந்தது. டிஸ்க்கின் மேல் விழுந்த பழி அந்த ஒரு வரியிலேயே நீங்கிவிட்டது.

அடுத்த சந்தேகம் கேபிள். கேபிள் டெஸ்டரின் ஒரு பாதியை முகப்பிலும் மறுபாதியைப் பின்கட்டிலும் செருகினோம். ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக ஓட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று எரிந்தது. நாலாவது எரியாமல் ஐந்துக்குத் தாவியது. நாலாவது இடம் நீலக் கம்பி. கனெக்டரை வெட்டி எடுத்து, நீலக் கம்பியின் உறையை உரித்து, பிளேடால் லேசாகச் சுரண்டினேன். செம்பு நிறம் பொடியாக உதிர்ந்து, உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! விரலால் முன்னும் பின்னும் வளைத்தபோது ஒடிந்து கையோடு வந்துவிட்டது. சுத்தச் செம்புக் கம்பி அவ்வளவு சீக்கிரம் ஒடியாது. பெட்டியின் மேல் கேட் 6 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பி வாங்குகிற வீட்டுக்காரர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். கேபிள் வாங்கும்போது கடையிலேயே ஒரு முனையை உரித்துச் சுரண்டிப் பாருங்கள். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே எடையில் வித்தியாசம் தெரிந்துவிடும். கொஞ்சம் காசு கூடினாலும், உத்திரத்தின் மேல் ஏறி இழுக்கிற கேபிள் செம்பாகத்தான் இருக்க வேண்டும்.

புதிதாகக் கனெக்டர் கிரிம்ப் செய்பவர்களுக்குக் கம்பிகளின் வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. பச்சை ஜோடியின் நடுவில் நீலம் புகுந்து உட்காருவதைப் பார்த்து, ஏதோ தப்பு என்று நினைத்து அழகாக அடுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி அடுக்கினால் முறுக்கு ஜோடி பிரிந்துவிடும். டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும், வேலை மட்டும் நடக்காது.

அடுத்தது முகவரி. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ரவுட்டர் ஒரு எண்ணைக் கொடுக்கும். ஈதர்நெட் பக்கத்திலேயே ஐபிவி4 அட்ரஸ் என்று போட்டிருக்கும். இரண்டு கம்ப்யூட்டரிலும் அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டு நெட்வொர்க்கில் அது பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும். 169.254 என்று ஆரம்பித்தால், ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். அப்போது மறுபடி வயருக்கும் ரவுட்டருக்கும் திரும்ப வேண்டும். 192.168க்கு அடுத்து வரும் மூன்றாவது எண் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் கவனமாகப் பாருங்கள்.

இந்த மூன்றாவது எண்ணால் தேவகோட்டையில் ஒரு வீட்டில் பல மாதமாகப் பாடுபட்டிருக்கிறார்கள். நான் போனபோது ஆச்சி வாசலிலேயே கேட்டார்: "தம்பி, ரெண்டுலயும் யூடியூப் பாடுது. அப்புறம் என்னதான் கோளாறு?" நியாயமான கேள்வி. முகப்பில் ஃபைபர் கம்பெனிக்காரர் வைத்துப்போன பெட்டி. முகப்புக் கம்ப்யூட்டர் அதில் நேராகச் செருகியிருந்தது. பின்கட்டுக்கு வைஃபையும் வேண்டும் என்று பேரன் சென்னையிலிருந்து ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். முகப்புப் பெட்டியிலிருந்து வந்த கேபிளை அந்த ரவுட்டரில் வேன் என்று போட்ட துளையில் செருகி, பின்கட்டுக் கம்ப்யூட்டரை இன்னொரு துளையில் இணைத்திருந்தார். அதில் இணைப்புக் கோளாறு எதுவும் இல்லை. ரவுட்டரோடு வந்த படத்தில் போட்டிருப்பதும் அப்படித்தான். ஆனால் ஃபைபர் பெட்டிக்குள்ளும் ஒரு ரவுட்டர் இருக்கிறது. ஆக, வீட்டுக்குள் ரவுட்டர் இரண்டு, நெட்வொர்க்கும் இரண்டு. முகப்பு 192.168.1.5, பின்கட்டு 192.168.0.103. இன்டர்நெட்டுக்கு இது தடையே இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக வெளியே போய்விடும். பின்கட்டிலிருந்து முகப்பின் எண்ணைப் போட்டுக் கூப்பிட்டால் ஃபோல்டர் திறக்கும்கூட. முகப்பிலிருந்து பின்கட்டைக் கூப்பிட்டால் ரவுட்டர் வழிமறித்துவிடும், ஏனென்றால் அது வெளியிலிருந்து வருபவரைத் தடுக்கவே செய்யப்பட்ட பெட்டி. நெட்வொர்க் பட்டியலில் ஒருவருக்கொருவர் தெரியவும் மாட்டார்கள். ஒருபக்கம் திறந்து மறுபக்கம் திறக்காத இந்தக் குணம்தான் துப்பு. கேபிளில் கோளாறு இருந்தால் இப்படி ஓரவஞ்சனை செய்யாது.

சரிசெய்வது எளிது. புது ரவுட்டரின் செட்டிங்ஸில் ஏ.பி. மோடு, அதாவது ஆக்சஸ் பாயின்ட் என்று இருந்தால் அதற்கு மாற்றிவிட்டால் முடிந்தது. பழைய ரவுட்டரில் அது இருக்காது. அப்போது அதன் சொந்த முகவரியை முகப்பு நெட்வொர்க்கிலேயே யாருக்கும் போகாத ஒரு எண்ணாக மாற்ற வேண்டும். ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்றால், அது தானாக மற்றவர்களுக்கு வழங்கும் எண்களுக்கு வெளியே ஒன்று. அடுத்து, டி.ஹெச்.சி.பி. என்ற எண் கொடுக்கும் வேலையை நிறுத்த வேண்டும். இந்த இரண்டும் முடிந்த பிறகு கேபிளை வேன் துளையிலிருந்து உருவி லேன் துளையில் செருக வேண்டும். ரவுட்டர் இனி வெறும் ஸ்விட்சாகவும் வைஃபை கொடுப்பதாகவும் மட்டும் இருக்கும். ஆச்சி வீட்டில் இதைச் செய்தபின் பின்கட்டின் எண் 192.168.1.7 என்று மாறியது. உடனே இரண்டு பக்கமும் திறந்தது.

முகவரிகளும் சரி, இன்னும் தெரியவில்லை என்றால் விண்டோஸுக்கு வருவோம். இங்கே முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பட்டியலில் பெயர் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு, அடுத்த கம்ப்யூட்டரின் எண்ணைத் தட்டி என்டர் அடியுங்கள். ஃபோல்டர்கள் வந்துவிட்டால் பகிர்வு நன்றாகத்தான் இருக்கிறது, பட்டியல் மட்டும்தான் கோளாறு. பட்டியலில் தெரிவது ஒரு வேலை, ஃபைலைத் திறப்பது வேறொரு வேலை. இரண்டையும் விண்டோஸ் வெவ்வேறு ஏற்பாட்டில் செய்கிறது. மக்கள் பட்டியலைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

பட்டியல் இப்படிப் பலவீனமானதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஃபைல்களைப் பகிரும் எஸ்.எம்.பி. என்ற ஏற்பாட்டை 1983இல் ஐ.பி.எம்.மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கினார். மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. வீடுகளில் ஃபைல் சேமிக்க நெட்வொர்க்கில் வைக்கும் நாஸ் பெட்டிகளும் லினக்ஸும் விண்டோஸோடு பேசுவதற்கு, ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய சாம்பா வழிவகுத்தது. இதன் முதல் பதிப்பான எஸ்.எம்.பி.1, ஒருவரையொருவர் நம்பிய காலத்தில் பிறந்தது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் அதிலிருந்த ஓட்டை வழியாகவே புகுந்து உலகம் முழுக்கப் பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை அந்த ஆண்டு மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி.1 தானாக நிறுவப்படுவதே நின்றுபோனது. பழைய நெட்வொர்க் பட்டியலோ அதை நம்பியே ஓடிக்கொண்டிருந்தது. வீடு வீடாகக் கம்ப்யூட்டர்கள் கண்ணிலிருந்து மறையத் தொடங்கியது இதனால்தான். விண்டோஸ் 7 காலத்திலிருந்து பலர் பழகியிருந்த ஹோம்குரூப் வசதியும் 2018இல் நீக்கப்பட்டது.

இப்போது பட்டியலில் பெயரைக் காட்டும் வேலையைச் செய்வது ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்ற சர்வீஸ். சர்வீசஸ் என்று தேடித் திறந்து, அதைக் கண்டுபிடித்து, மேனுவலிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றி ஓடவிட்டால், மறைந்த பெயர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். எந்தக் கம்ப்யூட்டர் தெரியவில்லையோ அதில் மாற்ற வேண்டும், தேடுகிற கம்ப்யூட்டரில் அல்ல. வீடியோக்களில் சிலர், எஸ்.எம்.பி.1ஐத் திரும்ப ஆன் செய்யுங்கள், எல்லாம் தெரியும் என்று சொல்லித்தருகிறார்கள். தெரியும்தான். ஆனால் அடைத்த ஓட்டையை நாமே திறந்துவைப்பது அது. நான் எந்த வீட்டிலும் செய்து கொடுப்பதில்லை. பழைய கணக்கு மென்பொருளுக்காக எக்ஸ்பி ஓடுகிற கம்ப்யூட்டரை இன்னும் வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அதற்கு எஸ்.எம்.பி.1 மட்டும்தான் தெரியும். அதிலிருக்கும் ஃபைல்களை ஒருமுறை பென் டிரைவில் எடுத்து வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள், அதை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிடுங்கள் என்றுதான் சொல்லுவேன்.

எண்ணைப் போட்டும் திறக்கவில்லையா? 0x80070035 என்ற எண்ணுடன் வழி தெரியவில்லை என்று செய்தி வருகிறதா? முதல் சந்தேகம், அந்தக் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டதா என்பது. கரண்ட் மிச்சம் பிடிக்க அரைமணியில் ஸ்லீப்புக்குப் போகும்படி வைத்திருப்பார்கள். காலையில் தெரியும், மத்தியானம் தெரியாது. அடுத்த சந்தேகம், நெட்வொர்க் வகை. ஈதர்நெட் பக்கத்தில் பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு இருக்கும். புது விண்டோஸ் எந்த நெட்வொர்க்கையும் முதலில் பப்ளிக் என்றே எடுத்துக்கொள்ளும். அதாவது, ரயில்வே ஸ்டேஷனிலோ ஹோட்டலிலோ இணைத்தது போல நினைத்து, கதவைச் சாத்திக்கொள்ளும். வீட்டுக் கேபிளுக்கு அதைப் பிரைவேட் ஆக்க வேண்டும். ரவுட்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எண்ணிப் பழையபடி பப்ளிக் ஆக்கிவிடும். "நேத்து வரைக்கும் தெரிஞ்சுச்சு" என்று வரும் போன்களில் கணிசமானவை, முதல் நாள் ஃபைபர்காரர் வந்து பெட்டியை மாற்றிவிட்டுப் போன வீடுகள். பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் பிரைவேட் பகுதியில் நெட்வொர்க் டிஸ்கவரியும் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கும் ஆனில் இருக்க வேண்டும். தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் இருந்தால், அதற்குள்ளும் சொந்தக் காவல் இருக்கும். அங்கேயும் இது வீட்டு நெட்வொர்க் என்று சொல்லிவைக்க வேண்டும். அலுவலக வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தாலும் பக்கத்து அறை மறைந்துபோகலாம். அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் பொறுமை போய், விண்டோஸின் காவலான ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சர்வீஸுக்கு வருகிறவர்களிலேயே இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்காது. சட்டென்று ஃபைல் வந்துவிடும், காசு வாங்கிக்கொண்டு போய்விடலாம். அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் அன்றிலிருந்து காவல் இல்லாமல் கிடக்கும். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்து உடனே ஆன் செய்வது சோதனை. கோளாறு ஃபயர்வாலில்தான் என்று தெரிந்தால், ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்குக்கு மட்டும், பிரைவேட்டுக்கு மட்டும் அனுமதி கொடுக்க அதிலேயே இடம் இருக்கிறது. அதேபோல், ஃபைல் பகிர்வு நடக்கும் 445ஆம் எண் வாசலை ரவுட்டரில் இன்டர்நெட் பக்கம் திறந்துவிட யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வான்னாக்ரை தேடி வந்தது அந்த வாசலைத்தான்.

கம்ப்யூட்டர் தெரிகிறது, கிளிக் செய்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது, எதைப் போட்டாலும் ஏற்கவில்லை. இது வீடுகளில் மிக அதிகம். தினமும் நாலு எண் பின் போட்டுத் திறக்கிறவர்கள், இங்கேயும் அந்தப் பின்னையே தட்டுகிறார்கள். பின் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும் செல்லும், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அந்த ஈமெயிலும் அதன் உண்மையான பாஸ்வேர்டும் வேண்டும். இன்னொரு வகை, பாஸ்வேர்டே வைக்காத கம்ப்யூட்டர். "எங்க வீட்டுல யாரு பார்க்கப் போறா" என்பார்கள். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக உள்ளே விடக் கூடாது என்பது எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸின் இயல்பான விதி.

நான் செய்வது இது. ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில் பகிர்வுக்கென்றே ஒரு லோக்கல் யூசர் உருவாக்கி, அதற்கு ஒரு நல்ல பாஸ்வேர்டு வைத்து, ஃபோல்டருக்கு அந்த யூசருக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிடுவேன். அப்பாவின் சொந்தப் பாஸ்வேர்டு வீடு முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை. அடுத்த கம்ப்யூட்டரில் கேட்கும்போது, முதல் கம்ப்யூட்டரின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, அந்த யூசர் பெயர் என்று சேர்த்து அடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் பெயரை விட்டுவிட்டால் தன்னிடமே அந்த யூசரைத் தேடிக் குழம்பும். சரியான பாஸ்வேர்டு போட்டும் ஏற்கவில்லை என்றால், கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து பாருங்கள். எப்போதோ சேமித்த பழைய பாஸ்வேர்டு அங்கே உட்கார்ந்திருக்கும். அதை நீக்கி, ஒருமுறை சைன் அவுட் செய்து வந்தால் சரியாகிவிடும். பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட்டாகத் திறந்துவைத்த பழைய நாஸ் பெட்டி, விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்புக்கு மாறியபின் திறக்கவில்லை என்றாலும் காரணம் இதைச் சேர்ந்ததுதான். கெஸ்ட்டாக நுழைவதை அந்தப் பதிப்பு ஏற்பதில்லை. நாஸ் பெட்டியில் ஒரு யூசர் போட்டுக்கொடுங்கள்.

கடைசிப் படி, அனுமதி. ஃபோல்டர் திறக்கிறது, ஆனால் சேமிக்க விடவில்லை. ஒரு ஃபோல்டருக்கு இரண்டு இடத்தில் அனுமதி எழுதப்பட்டிருக்கும். ப்ராப்பர்டீஸில் ஷேரிங் பக்கத்தில் ஒன்று, செக்யூரிட்டி பக்கத்தில் ஒன்று. இரண்டில் எது கண்டிப்பானதோ அதுதான் செல்லும். ஷேரிங்கில் முழு அனுமதி கொடுத்துவிட்டு, செக்யூரிட்டியைப் பார்க்காமல் திண்டாடுகிறவர்கள் அதிகம். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி மாட்டிய ஹார்ட் டிஸ்க்கில் செக்யூரிட்டி பக்கத்தில் பெயருக்குப் பதிலாக நீளமான எண் வரிசை தெரியும். அது செத்துப்போன கம்ப்யூட்டரின் யூசர். அங்கே புது யூசரைச் சேர்க்க வேண்டும்.

எல்லாம் சரியானபின் இரண்டு வேலை பாக்கி. ரவுட்டரில், ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு எண் மாறாதபடி ரிசர்வ் செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு கரண்ட் கட்டுக்குப் பிறகு எண் மாறி, டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த ஷார்ட்கட் வேலை செய்யாமல் போகும். இரண்டாவது வேலையைத் தள்ளிப்போடவே கூடாது. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ் ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தால், அந்தக் கம்ப்யூட்டருக்கு எங்கெல்லாம் எழுத அனுமதி இருக்கிறதோ அங்கெல்லாம் கேபிள் வழியாகப் போய்ப் பூட்டிவிடும். மகனின் கம்ப்யூட்டரில் தெரியாமல் கிளிக் செய்த ஒன்று, முகப்பில் இருக்கும் பத்து வருடக் கணக்கை எடுத்துக்கொண்டு போகும். அதனால் பார்க்க மட்டும் வேண்டிய ஃபோல்டருக்கு ரீட் அனுமதி மட்டும் கொடுங்கள். எழுதுவதற்கென்று தனியாக ஒரு சின்ன ஃபோல்டர் போதும். குடும்பப் படங்களையும் கணக்கையும் வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, எடுத்தவுடன் அதைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். செருகியபடியே விட்ட டிஸ்க்கையும் அந்த வைரஸ் பூட்டிவிடும்.